15 ஆம்பியரா, 32 ஆம்பியரா? சென்னை வீட்டில் கார் சார்ஜ் செய்ய எந்த லைன் போடுவது

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போனால் ஷோரூமில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "வீட்ல 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கா சார்?" இருக்கிறது என்று நாமும் சொல்லிவிடுவோம். ஏசிக்குப் போட்டது ஒன்று, கீசருக்குப் போட்டது ஒன்று, கார் நிறுத்தும் இடத்தில் மோட்டாருக்கோ தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் மெஷினுக்கோ போட்டது ஒன்று. அந்தப் பாயிண்ட்டில் எந்த வயர் வருகிறது, எங்கிருந்து வருகிறது, அதே வயரில் வேறு என்னவெல்லாம் லூப் அடித்திருக்கிறார்கள் என்று ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. பேச்சு நேராக 7.2 கிலோவாட் வால்பாக்ஸுக்கு, அதாவது சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டிக்குப் போய்விடும்.

எந்தச் சார்ஜர் என்பதைவிட எந்த லைன் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. சார்ஜரை நாளைக்கே மாற்றலாம். சுவருக்குள் போன வயரை மாற்றுவது வீட்டில் பாதி நாள் தூசி, மீதி நாள் சண்டை.

முதலில் காரின் பசி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும்; அறை குளிர்ந்ததும் இறங்கிவிடும். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் இழுக்கும், ஆனால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் நிமிடக் கணக்கு. காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் அப்படி இல்லை. 3.3 கிலோவாட், அதாவது 14 முதல் 15 ஆம்பியர் வரை, இரவு பத்து மணிக்குப் பிடித்தால் பேட்டரி நிறையும் வரை விடாமல் இழுக்கும். நம் வீட்டு வயரிங்கில் இந்த மாதிரி லோடு இதற்கு முன் வந்ததே கிடையாது. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆவதுகூட இதில் ஒரு சிறு பங்குதான்.

வயர் மட்டும் தாங்கினால் போதாது, வயர் சேரும் இடமும் தாங்க வேண்டும். சாக்கெட்டுக்குள் பித்தளை கொஞ்சம் தளர்ந்து, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை மட்டும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 ஆம்பியர் போகும்போது அங்கே 5 வாட் சூடு உண்டாகும், யாருக்கும் தெரியாது. 15 ஆம்பியர் போகும்போது 22 வாட்டுக்கு மேல். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி ராத்திரி முழுக்க எரியவிட்ட மாதிரி. கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்சான எம்சிபி இதில் நமக்கு உதவாது. அது பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை மட்டும்தான். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதில்லை, சூடு மட்டும்தான் கூடுகிறது. கரண்ட் கூடினாலும் அது உடனே விழாது: 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை விழாமல் தாங்க வேண்டும் என்பதே அதன் தர விதி. "எம்சிபி இருக்கு, பயப்படாதீங்க" என்று யாராவது சொன்னால் பாதி ஆறுதல்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கிற பாயிண்ட்டிலேயே போட்டுக்கொள்வது

செலவில்லாத வழி. புதுக் கார் வந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்வதும் இதுதான். வீடு கடந்த பத்து வருடத்துக்குள் கட்டியது, அந்தப் பாயிண்ட்டுக்கு வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டிபியிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் வருகிறது, வேறெதுவும் லூப் ஆகவில்லை, எர்த் சரியாக இருக்கிறது என்றால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் இருக்கும் முப்பது நாற்பது வருடப் பழைய ஃபிளாட்டுகளில் இந்த நாலும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

காரிலோ சார்ஜரிலோ கரண்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். 15 ஆம்பியருக்குப் பதில் 10 என்றால் இணைப்புகளில் உண்டாகும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவது. வேகமும் நினைக்கிற அளவு மோசமில்லை: 2.3 கிலோவாட், ஒன்பது மணி நேரத்தில் 20 யூனிட்டுக்குச் சற்று மேல். சென்னை டிராஃபிக்கில் ஏசி போட்டு ஓட்டும் நெக்ஸான் அளவுள்ள கார், சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 120 கிலோமீட்டர் ஆயிற்று. இந்தக் கட்டுரை முழுக்க அந்த 6 கிலோமீட்டர் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் கீழே காருக்குப் போடுவதை நகரத்தில் பல இடங்களில் பார்க்கலாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் தன் சூட்டிலேயே வேகும்.

கார்க்கென்றே ஒரு 15 ஆம்பியர் லைன்

என் கணிப்பில் சென்னையில் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். அண்ணா நகரிலிருந்து ஓஎம்ஆருக்குப் போய்வருபவர், தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வருபவர், யாராக இருந்தாலும் நாளுக்கு 50 கிலோமீட்டர் என்று வைப்போம். 8 யூனிட்டுக்குச் சற்று மேல். 3.3 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான். "நெக்ஸான் 45 முழுசா ஏற 15 மணி நேரம் ஆகுமே" என்று பயமுறுத்துவார்கள். காலியிலிருந்து முழுசாக ஏற்றுவது வருடத்தில் எத்தனை நாள் நடக்கப் போகிறது? ஞாயிறு இரவு புதுச்சேரியிலிருந்து கிட்டத்தட்ட காலி பேட்டரியோடு வந்து சேர்ந்தாலும், ஒன்பது மணிக்குப் பிடித்தால் காலை ஆறுக்குள் 30 யூனிட் ஏறியிருக்கும். திங்கட்கிழமை ஆபீசுக்கு 180 கிலோமீட்டர் யாருக்கும் தேவைப்படாது.

லைன் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள சென்னை ஃபிளாட்டுகளில் ஈபி மீட்டர் போர்டு பெரும்பாலும் கீழேயே, படிக்கட்டுப் பக்கம் இருக்கும். கார் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனாலும் சிலர் நான்காவது மாடி டிபியிலிருந்து கீழே வயர் இறக்குவார்கள், "டிபியிலதான சார் எம்சிபி இருக்கு" என்று காரணம் சொல்லி. தேவையில்லை. மீட்டரைத் தாண்டியதும், ஈபி சீல் வைத்த பகுதியைத் தொடாமல், நம் பக்கத்து மெயின் ஸ்விட்சான ஐசொலேட்டரிலிருந்து ஒரு சிறு பெட்டி வைத்து, அதில் எம்சிபியும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்டுக் காருக்குத் தனி லைன் எடுத்துவிடலாம். வயர் குறையும், வீட்டு டிபிக்கும் மேலே போகும் மெயின் வயருக்கும் இந்த லோடு தெரியவே தெரியாது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. தெருமுனைக் கடையில் சொல்லி ஆள் அனுப்பச் சொல்லும் வேலை கிடையாது.

வயர் தடிமனுக்கு வருவோம். வயர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிவிசி வயர், சுவரில் பைப்புக்குள், சுற்றுச்சூழல் 30 டிகிரி என்ற நிலையில் சர்வதேச அட்டவணை சொல்வது இது: 2.5 ஸ்கொயருக்கு 24 ஆம்பியர், 4 ஸ்கொயருக்கு 32, 6 ஸ்கொயருக்கு 41, 10 ஸ்கொயருக்கு 57. மே மாத இரவில்கூட நம் ஊர் 30 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த சுவருக்குள் 45 டிகிரி என்று வைத்தால் அந்த எண்களை 0.79-ஆல் பெருக்க வேண்டும். 2.5 ஸ்கொயர் 19-க்கு இறங்கும், 4 ஸ்கொயர் 25-க்கு, 6 ஸ்கொயர் 32-க்கு, 10 ஸ்கொயர் 45-க்கு. மொட்டை மாடி வெயிலில் கிடக்கும் பைப் என்றால் இன்னும் கீழே. ஒரே பைப்புக்குள் ஏசி வயரும் சேர்ந்து போனால் அதற்குத் தனிக் கழிவு.

ஆக, 15 ஆம்பியர் சார்ஜருக்கு 20 ஆம்பியர் எம்சிபியும் 4 ஸ்கொயர் வயரும் குறைந்தபட்சம். 19-க்கு இறங்கிவிடும் 2.5 ஸ்கொயர் அந்த 20 ஆம்பியர் எம்சிபிக்குத் தேறாது.

ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர், காருக்கென்றே தனியாக. வீடு முழுவதற்கும் உள்ள ஒரே ஆர்சிசிபியில் காரையும் சேர்த்தால், மழை நாளில் ஏதாவது ஒரு சிறு கசிவுக்கு ஃபிரிட்ஜோடு சேர்த்து வீடே இருட்டாகும். வகையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பரவலாக இருப்பது டைப் ஏசி. கார் சார்ஜரின் உள்ளே ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம், டிசியாக, அதாவது நேர்திசை மின்சாரமாக மாறுவதால் டிசி கசிவு வர வாய்ப்புண்டு. டிசி கசிந்தால் டைப் ஏசி ஆர்சிசிபியின் காந்த வளையம் உறைந்துபோய், ஆள் மேல் ஷாக் அடிக்கும்போதும் விழாமல் இருந்துவிடலாம். குறைந்தது டைப் ஏ கேளுங்கள். சார்ஜரிலேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் அந்த டைப் ஏ போதும். அது இல்லாத சார்ஜருக்கு டைப் பி வேண்டும், விலை எகிறும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் சின்ன அலைக்கோட்டுச் சின்னத்தைப் பாருங்கள்: ஒரே ஒரு அலை என்றால் டைப் ஏசி, அதன் கீழே பாதி அலைகள் வரிசையாக இருந்தால் டைப் ஏ.

அப்புறம் எர்த். பழைய வீடுகளில் பலர் முதல் முறையாக எர்த்தைப் பற்றி நினைப்பது கார் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான். எர்த் சரியில்லை என்றால் நல்ல சார்ஜர் வேலை செய்யவே மறுக்கும். அதற்கு மருந்து என்று சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து ஓடும். மெயினில் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட் வரும். அப்படிச் செய்து தருகிறேன் என்பவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். புது எர்த் பிட் ஒன்று போடுவது பெரிய செலவில்லை. கடலோர மணல் மண்ணில் கோடையில் காய்ந்துவிடும் என்பதால் பிட்டுக்கு அவ்வப்போது தண்ணீர் விட வழி வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் சாக்கெட்டின் பித்தளை பச்சை பிடிக்கும். முன்பு சொன்ன 0.1 ஓம் அங்கே சீக்கிரமே வந்து சேரும். மூடியோடு உள்ள வெளிப்புற சாக்கெட், வருடத்துக்கு ஒரு முறை திருகுகளை இறுக்குவது, பச்சை பிடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுவது. நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் இன்னும் உறுதியானது, ஆனால் காரோடு வந்த பிளக் அதில் சேராது. பிளக்கை வெட்டி மாற்றினால் வாரண்டி போகலாம், சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்க்காரர்களுக்கு உயரம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று ஸ்டில்ட் தூணில் கோடே இருக்கும். சாக்கெட்டும் பெட்டியும் அதற்கு மேலே. தண்ணீர் ஏறும்போது காருக்கான லைனை ஆஃப் செய்ய முழங்கால் தண்ணீரில் நடந்து போக வேண்டிய இடத்தில் ஸ்விட்ச் இருக்கக் கூடாது. படிக்கட்டில் நின்றபடி எட்டினால் நல்லது.

7.2 கிலோவாட் வால்பாக்ஸ்

வேகம் இரண்டு மடங்குக்கும் மேல். 45 யூனிட் பேட்டரி ஆறரை மணி நேரத்தில் ஏறும். காரோடு இலவசமாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் இலவசமாக வருவது பெட்டி. அதற்கு வேண்டிய லைன் இலவசமில்லை.

முதல் தடை ஈபி இணைப்பு. தமிழ்நாட்டில் ஒருமுனை இணைப்பு 4 கிலோவாட் வரைதான். அதற்கு மேல் மும்முனை, அதாவது த்ரீ ஃபேஸ். 4 கிலோவாட் என்றால் 17 ஆம்பியர் சொச்சம். 15 ஆம்பியர் சார்ஜரே அதில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். ஒருமுனை வீட்டில் 32 ஆம்பியர் வால்பாக்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மும்முனைக்கு மாற்றி, அனுமதிக்கப்பட்ட பளுவையும் கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். "யாருக்குத் தெரியப் போகுது" என்று விடுவது சரிவராது. மீட்டர் அதிகபட்சத் தேவையைப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. அதைவிட, தெருவில் இருக்கும் ஈபி பில்லர் பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கேபிளும் ஃபியூஸும் பழைய லோடுக்குப் போட்டவை. தெருவே ஏசி போட்டுத் தூங்கும் மே மாத இரவில் முதலில் போவது அந்த ஃபியூஸ்தான், கூடவே பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும்.

மும்முனை இணைப்பு ஏற்கெனவே இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுப்பது. மூன்று ஃபேஸிலும் பிரிந்து போகாது. மெயினில் ஃபேஸுக்கு 32 அல்லது 40 ஆம்பியர் இருக்கும் வீட்டில் ஒரு ஃபேஸ் முழுவதையும் காருக்கே எழுதிக் கொடுத்த கணக்கு. அந்த ஃபேஸில் இருக்கும் ஏசியையும் கீசரையும் மற்ற இரண்டுக்கு மாற்றியாக வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது: ஃபேஸ் செலக்டர். ஒரு ஃபேஸ் போனால் மெயின் போர்டில் உள்ள திருகு ஸ்விட்சைத் திருப்பி, அந்த லோடை இருக்கிற ஃபேஸுக்கு மாற்றுவது நமக்கு அனிச்சைச் செயல். பாட்டிகூடச் செய்வார். கார் லைன் அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஃபேஸ் போகும், யாரோ எழுந்து திருப்புவார்கள், 32 ஆம்பியர் காரும் இரண்டு ஏசியும் ஒரே வயரில் வந்து உட்காரும். கார் லைனைச் செலக்டருக்கு முன்னாலேயே பிரித்துவிடச் சொல்லுங்கள். அந்த ஃபேஸ் இல்லையென்றால் கார் அன்றிரவு சார்ஜ் ஆகாது, அவ்வளவுதானே. இன்வெர்ட்டர் லைனிலும், அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் லைனிலும் கார் வரக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வயரில் இப்போது வெயில் கணக்கு நிஜமாகவே கடிக்கும். 6 ஸ்கொயர் வயர் 45 டிகிரியில் 32 ஆம்பியரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 50 டிகிரியில் 29-தான். எம்சிபியும் அப்படியே. அதன் அளவு 30 டிகிரியில் நிர்ணயிக்கப்பட்டது. மூடிய பெட்டிக்குள், வெயில் சுவரில், 32 ஆம்பியர் எம்சிபி 32 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்காமல் நடு இரவில் விழும். காலையில் பார்த்தால் கார் பாதிதான் ஏறியிருக்கும். எனவே 40 ஆம்பியர் எம்சிபி, 10 ஸ்கொயர் வயர். வயரை 6-ல் வைத்துவிட்டு எம்சிபியை மட்டும் 40 ஆக்குவதுதான் செய்யவே கூடாத சிக்கனம், ஏனென்றால் வயரைக் காப்பாற்ற வைத்த காவல்காரரை நாமே தூங்கச் சொன்னதாகிவிடும். கேட்டுக்கும் மீட்டருக்கும் தூரம் அதிகமுள்ள தனி வீடுகளில் 10 ஸ்கொயருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 40 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயரில் 32 ஆம்பியர் போனால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரையும். 10 ஸ்கொயரில் ஆறு வோல்ட்டுக்குள்.

லோ வோல்டேஜ் பற்றிப் பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் சார்ஜர் ஈடுகட்டக் கூடுதல் கரண்ட் இழுத்து வயரை எரிக்குமா? இழுக்காது. காருக்குச் சார்ஜர் சொல்வது கரண்ட் வரம்பு மட்டுமே; கார் அதற்குள் நிற்கும். வேகம்தான் குறையும்.

யாருக்கு இது தேவை? நாள்தோறும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வீட்டில் இரண்டு எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர், மஹிந்திரா பிஇ 6 மாதிரி 59 அல்லது 79 யூனிட் பேட்டரி வைத்துக்கொண்டு அடிக்கடி வெளியூர் போகிறவர். காமெட், டியாகோ போன்ற சின்ன பேட்டரிக் கார்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வீண். அவற்றில் சில வேரியண்ட்டுகளில் காருக்குள் இருக்கும் சார்ஜரே 3.3 கிலோவாட்தான், சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் அதற்கு மேல் வாங்காது.

11 கிலோவாட்

மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர் வீதம் எடுக்கும். வயரிங்குக்கு 7.2-ஐவிடச் சாது, லோடு சமமாகப் பிரிகிறது. ஆனால் காரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். கிரெட்டா எலெக்ட்ரிக் 11 கிலோவாட் ஏற்கும். 7.2-ஓடு நிற்கும் கார்களுக்கு இந்தப் பெட்டியால் பலனில்லை.

வீட்டு மொத்த லோடைப் பார்த்து, ஏசி ஓடும்போது காருக்குக் கொடுப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும் வால்பாக்ஸ்களும் கிடைக்கின்றன. மெயினில் ஒரு சென்சார் வளையம் மாட்டுவார்கள். பளு கூட்ட விண்ணப்பித்துக் காத்திருக்க விரும்பாத மும்முனை வீடுகளுக்கு இது நல்ல நடுவழி. குறைந்தபட்சம் 6 ஆம்பியர் வரைதான் குறைக்கும், அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் நிறுத்திவிடும்.

எந்த மீட்டரில்

வீட்டு மீட்டரிலேயே காரைச் சார்ஜ் செய்ய விதிப்படி தடையில்லை. ஆனால் நம் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9-க்கு மேல், 1000-ஐத் தாண்டினால் 11-க்கு மேல். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரை இருந்த கூடுதல் சலுகையும் போய்விடும்.

மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 300 யூனிட் சாப்பிடும். இதுவரை 400 யூனிட் எரித்த வீடு 700-க்குப் போகும். கூடுதலாகக் கட்டுவதைக் காரின் 300 யூனிட்டால் வகுத்தால் யூனிட் ஏறத்தாழ 9 ரூபாய் வருகிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னும் சிரிப்புதான், ஆனால் "யூனிட் அஞ்சு ரூபாதான சார்" என்று ஷோரூமில் போட்டுக்கொடுத்த கணக்கு அது இல்லை. ஏற்கெனவே 900 யூனிட் எரிக்கும் பெரிய வீட்டில் காரின் பெரும்பகுதி 11 ரூபாய்க்கு மேல் விழும்.

2024-இல் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி காருக்கெனத் தனி இணைப்பு கேட்கலாம். அது வந்தால் வீட்டு ஸ்லாப் தொந்தரவில்லாமல் இருக்கும், வீட்டு மெயின் வயரிங்கும் தப்பிக்கும். எதிர்ப்பக்கத்தில் வேறு கட்டண வகை, வைப்புத்தொகை, இன்னொரு பில். ஒருமுனை இணைப்புள்ள, ஆனால் வீட்டுக்கு மும்முனை தேவையில்லாத குடும்பத்துக்கு இதை யோசிக்கலாம். 400 யூனிட்டுக்குக் கீழே எரித்து, மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை.

அபார்ட்மெண்டில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: பொது மீட்டரில் சாக்கெட் போட்டு, சப் மீட்டர் வைத்துப் பிரித்துக்கொள்வது. பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், அதோடு கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணமும் உண்டு. ஒரு கார் இருக்கும்வரை சுமுகமாகப் போகும். நாலு கார் ஆனதும் அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் கணக்கோடு இதுவும் வெடிக்கும். அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் லைன் என்பதே நிம்மதி. அனுமதிக் கடிதம் கேட்கும்போது அசோசியேஷன் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை எண்ணோடு பேசினால் தீரும்: இருபது ஃபிளாட்டும் ஒரே நேரத்தில் 15 ஆம்பியரில் போட்டால் 66 கிலோவாட், 7.2-இல் போட்டால் 144. நள்ளிரவுக்குப் பிறகு, ஆளுக்கொரு நேரம் டைமர் வைத்துக்கொண்டால் 66 பாதியாகும். கார்களிலேயே டைமர் வசதி இருக்கிறது, பலர் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

நானாக இருந்தால்

மும்முனை உள்ள மடிப்பாக்கம் தனி வீடு, ஒரு நெக்ஸான், நாளுக்கு 50 கிலோமீட்டர் என்றால் மீட்டர் பக்கத்திலிருந்து காருக்குத் தனி லைன் எடுப்பேன். வயர் மட்டும் 10 ஸ்கொயர் போட்டுவிடுவேன்; முனையில் 20 ஆம்பியர் எம்சிபியும் 15 ஆம்பியர் சாக்கெட்டும். பள்ளம் தோண்டும் கூலி ஒன்றுதான், வயர் விலையில்தான் வித்தியாசம். நாளை பெரிய கார் வந்தாலோ இரண்டாவது கார் வந்தாலோ எம்சிபியையும் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு வால்பாக்ஸ் மாட்டினால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: 10 ஸ்கொயர் வயரை சாதாரண சாக்கெட்டின் துளைக்குள் திணிக்க முடியாது. பக்கத்தில் ஒரு டெர்மினல் பெட்டி வைத்து அங்கிருந்து 4 ஸ்கொயரில் சாக்கெட்டுக்கு இறக்க வேண்டும். சில இழைகளை வெட்டிவிட்டுத் திணிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த இடம் தடிமன் குறைந்து சூடாகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

மயிலாப்பூர் பழைய ஃபிளாட், ஒருமுனை, இரண்டு ஏசி என்றால் மும்முனைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை 10 ஆம்பியரில், ஏசி அடங்கிய பின்னிரவில் மட்டும் சார்ஜ் செய்வேன். வால்பாக்ஸ் இலவசமாக வந்தால் பெட்டியோடு அலமாரியில் இருக்கட்டும்.

எந்த லைன் போட்டாலும் முதல் இரவு ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது பிடித்து, ஒரு மணி நேரம் கழித்து காரில் சார்ஜை நிறுத்தி, எம்சிபியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிப் பின்களின் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் பழுப்பு நிறமோ, கருகல் வாடையோ இருந்தால் அன்றைக்கு மறுபடி பிடிக்காதீர்கள். சாக்கெட்டை மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு மாதம் கழித்தும், பிறகு ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் இதையே திரும்பச் செய்யுங்கள்.